முதல் தட்டு யாருக்கு?

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு – மறையுரை
செப்பனியா 3:14-18, பிலிப்பியர் 4:4-7, லூக்கா 3:10-18



திருவருகை வளையத்தில் இன்று ரோஸ் நிற மெழுகுதிரியை ஏற்றியிருக்கிறோம். திருஅவை இந்த நாளை மகிழும் ஞாயிறு என்கிறது. முதல் வாசகத்தில் செப்பனியா, எருசலேமை ஆர்ப்பரித்துப் பாடச் சொல்கிறார். இரண்டாம் வாசகத்தில் பவுல் ஆண்டவரில் மகிழும்படி பிலிப்பி நகரத்தாரைக் கேட்கிறார். ஒரு முறை சொன்னது போதாதென்று அதையே மறுபடியும் சொல்கிறார். இதையெல்லாம் கேட்டுவிட்டு நற்செய்திக்கு வந்தால், திருமுழுக்கு யோவான் மகிழ்ச்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. தாங்கள் செய்யவேண்டியது என்ன என்று மக்கள் அவரிடம் கேட்கிறார்கள். இரண்டு உடுப்பு இருந்தால் ஒன்று இல்லாதவனுக்குப் போகவேண்டும், சாப்பாட்டுக்கும் அதே கணக்குதான் என்கிறார் அவர். மகிழ்ச்சிக்கு வழி கேட்டு வந்தவர்களை யோவான் அவரவர் வீட்டுச் சமையலறைக்கே திருப்பி அனுப்புகிறார்.

நாமும் இந்த வாரம் முழுக்கச் சமையலறையில்தான் இருக்கப்போகிறோம். கேக்கை எப்படியும் பேக்கரியில் சொல்லிவிடுவோம். நம் குமரி மாவட்டத்து வீடுகளில் பெரும்பாலும் ஓவன் கிடையாது. நம்முடைய கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு அது தேவையும் இல்லை. ஓர் அடுப்பு, ஒரு வாணலி, ஓர் அச்சு போதும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அச்சுமுறுக்கு செய்கிறவர்களுக்குத் தெரியும்: அச்சை முதலில் காய்கிற எண்ணெயில் வைத்துச் சூடாக்கவேண்டும், பிறகு முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்கவேண்டும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலவே கழலாது. இந்தப் பக்குவத்தை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. அம்மாச்சி பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான்.

முந்திரிக்கொத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சிறுபயறை வாசனை வரும்வரை வறுத்து, உடைத்து, தோல் புடைத்து, கொரகொரப்பாகத் திரிக்கிறோம். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுக்கிறோம். எள், ஏலம், சுக்கு சேர்கின்றன. ஒரு கிலோ பயறுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று வைத்துப் பாகு காய்ச்சி, மண் போக வடிகட்டி, அந்தப் பொடியில் ஊற்றிக் கிளறுகிறோம். அதுவரை ஒரு ஆள் போதும். அதற்குப் பிறகு போதாது. சூடு ஆறுவதற்குள் உருட்டியாகவேண்டும். ஆறிவிட்டால் கலவை உருண்டையாகச் சேராமல் உதிரும். கை பொறுக்கிற சூட்டில் உட்கார்ந்து வேகமாக உருட்ட வீட்டில் இருக்கிற கைகள் எல்லாம் வேண்டும், பக்கத்து வீட்டுக் கைகளும் வேண்டும். பிறகு அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விடும்போதும் ஒருவர் முக்க, ஒருவர் அரித்தெடுக்க என்று இரண்டு பேராவது நிற்கவேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பலகாரத்தைத் தனியாளாகச் செய்வது கடினம். நம் முன்னோர் வீட்டுக்கு வீடு முறைவைத்து, இன்றைக்கு உங்கள் வீடு, நாளைக்கு எங்கள் வீடு என்று கூடிச் செய்ததற்குக் காரணம் அதுதான். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாத்தனாரும் அண்ணியும்கூட அன்றைக்கு ஒரே சுளகைச் சுற்றி உட்கார்ந்தாகவேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வரும். இந்த வருகைக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரப்போகிற நீங்கள், அதற்கு முன்னால் அந்தச் சுளகைச் சுற்றி யாரைக் கூப்பிடவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஆண்களுக்கும் ஒரு சொல். மார்த்தா, மரியா வீட்டுக் கதையை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் படிக்கிறோம். பல பணிகளில் சிக்கித் தவித்த மார்த்தாவின் கவலையை ஆண்டவர் பார்த்தார். நம் வீடுகளில் டிசம்பர் 24 இரவு நடப்பது என்ன? பகல் முழுக்க எண்ணெய்ப் புகையில் நின்ற தாய், நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து, மறையுரை நேரத்தில் கண்ணயர்கிறாள். அவள் தூங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன். அவளைத் தனியாக விட்டுவிட்டுக் குடிலுக்கு சீரியல் பல்பு மாட்டுகிறோம் என்ற பெயரில் இரவெல்லாம் வெளியே நின்றவர்களைத்தான் கேட்கிறேன். வெல்லம் தட்டுவதும் தேங்காய் துருவுவதும் ஆண்கள் கைக்குத் தெரியாத வேலை இல்லை. மகன்களும் மகள்களோடு சேர்ந்து உருட்டட்டும்.

அடுப்பே வேண்டாத இனிப்பும் உண்டு. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் கால் கிலோ, பொடியாக உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி, கொஞ்சம் எள், ஒரு கரண்டி நெய். பிசைந்து, உருட்டி, தேங்காய்த் தூளில் புரட்டி எடுத்தால் முடிந்தது. மறைக்கல்விப் பிள்ளைகள் சூட்டுக்குப் பயப்படாமல் தாங்களே செய்யலாம். விவிலியத்திலும் இப்படி ஒரு பண்டம் வருகிறது. உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்கு வந்த நாளில் தாவீது அரசர் ஆடிப்பாடியதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் அதோடு நிற்கவில்லை. கூடியிருந்த ஆண், பெண் ஒவ்வொருவருக்கும் அப்பமும், உலர்ந்த திராட்சையால் செய்த அடையும் கொடுத்தனுப்பினார் என்கிறது 2 சாமுவேல் ஆறாம் அதிகாரம். ஆண்டவர் ஊருக்குள் வந்த மகிழ்ச்சி அன்று ஒருவர் விடாமல் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதைவிடத் தெளிவாக நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரம் பேசுகிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் தண்ணீர் வாயிலுக்கு எதிரே கூடுகிறார்கள். விடியலிலிருந்து நண்பகல்வரை எஸ்ரா திருச்சட்ட நூலை வாசிக்கிறார். கேட்ட மக்கள் அழுகிறார்கள். அப்போது தலைவர்கள் சொல்வது: இது ஆண்டவரின் புனித நாள், அழாதீர்கள், போய் நல்ல உணவையும் இனிய பானத்தையும் சாப்பிடுங்கள், வீட்டில் எதுவும் தயார் செய்யாதவர்களுக்கு அதில் ஒரு பங்கை அனுப்புங்கள். ஆண்டவரின் மகிழ்ச்சியே உங்கள் வலிமை என்பது இந்தப் பங்கு அனுப்பும் கட்டளையோடு சேர்ந்தே வருகிறது. மகிழ்ச்சியைப் பற்றிய பாதியைச் சுவரில் எழுதி மாட்டுகிறோம். பலகாரத் தட்டைப் பற்றிய பாதியை மறந்துவிடுகிறோம்.

பவுலின் கடிதத்தையும் இதே கண்ணோடு மறுபடி படியுங்கள். அவர் சிறையில் இருக்கிறார். பிலிப்பி மக்கள் எப்பப்பிராதித்து என்பவர் கையில் அவருக்கு உதவி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இன்றைய வாசகத்துக்குச் சில வசனங்கள் தள்ளி, அதே நான்காம் அதிகாரத்திலேயே அந்த உதவிக்கு நன்றி சொல்கிறார். ஆக, எப்போதும் மகிழச் சொல்லி எழுதியவர், தூரத்து நண்பர்கள் அனுப்பிய பங்கைக் கையில் வாங்கிய ஒரு கைதி.

வீட்டில் எதுவும் தயார் செய்யாதவர் என்று நெகேமியா நூல் சொல்கிறதே, நம் பங்கில் அவர் யார்?

முதலில் துக்க வீடு. இந்த ஆண்டு ஒருவரை அடக்கம் செய்த வீட்டில் சட்டி வைக்கமாட்டார்கள். அவர்களுக்கு உறவும் அக்கம்பக்கமும் பலகாரம் கொடுத்தனுப்புவது நம் ஊர் வழக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையில் நின்றன. அடுத்து வந்த கிறிஸ்மஸ் அந்தக் கிராமங்களில் நட்சத்திர விளக்கு இல்லாத கிறிஸ்மஸ். பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் சிலவற்றில் இன்றும் டிசம்பர் பிறந்தால் எண்ணெய்ச் சட்டியை இறக்க மனம் வருவதில்லை. அங்கே ஒரு தட்டோடு போகிறவர் ஆறுதல் வசனம் மனப்பாடம் செய்துகொண்டு போகவேண்டாம். போய் உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது, வெளிநாட்டில் பிள்ளைகள், இங்கே தனியாக முதியவர்கள். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் பணம் வருகிறது. வாங்கிச் சாப்பிடக் காசு இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்காக யார் பாகு காய்ச்சுவது என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று யாரும் சாக்கு சொல்லவேண்டாம். உப்பு முறுக்கு சுட்டுக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிற வடமாநிலத் தொழிலாளர்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. நம் திருப்பலிக்கு வந்து, மொழி புரியாமல் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். தட்டை நீட்டுவதற்கு மொழி எதற்கு?

தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீட்டுக்கும், பெருநாளுக்குப் பிரியாணி தந்த வீட்டுக்கும் நாம் கிறிஸ்மஸ் தட்டு அனுப்புகிறோம். அது நம் ஊரின் அழகு, அதை யாரும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் திரும்பச் செய்ய வழியில்லாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி ஆண்டவர் லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் சொல்கிறார். வந்த தட்டுக்குப் பதில் தட்டு அனுப்புவது முறை. திரும்பி வராத தட்டை அனுப்புவது நற்செய்தி.

நம்மிடமே அளவாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைவூட்டுகிறேன். பானையில் கையளவு மாவு, கலயத்தில் சிறிது எண்ணெய். பஞ்ச காலம். அதை வைத்துத் தனக்கு முதலில் ஒரு சிறிய அப்பம் சுட்டுத் தரும்படி எலியா கேட்கிறார். மிஞ்சினால் தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. முதலில் கொடுத்தாள். பானையும் கலயமும் குறையவில்லை. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பலகாரம் செய்யச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை. செய்கிற கால் கிலோவில் முதல் பங்கு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. உடைந்ததும் கருகியதும் மிஞ்சியதும் ஏழைக்கு என்ற கணக்கை மட்டும் வைக்காதீர்கள்.

இனிப்பைப் பற்றிப் பேசுவது ஆன்மிகம் ஆகுமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஏழ்மையை மணந்துகொண்டவர் என்று நாம் போற்றும் அசிசி நகர் புனித பிரான்சிஸ், 1226 ஆம் ஆண்டு சாகும் தறுவாயில் உரோமை நகர ஜாக்கோபா அம்மையார் செய்கிற பாதாம் இனிப்பை விரும்பிக் கேட்டார். 1223 இல் கிரேச்சியோவில் முதன்முதலாகக் கிறிஸ்மஸ் குடிலைக் கண்முன் நிறுத்திக் காட்டியவர் இந்தப் பிரான்சிஸ்தான். அம்மையார் அந்த இனிப்பைச் செய்து கொடுத்தார். உடல் தளர்ந்திருந்ததால் பிரான்சிஸ் கொஞ்சமாகத்தான் ருசித்தார். உடனே அவருக்கு நினைவு வந்தது தன் முதல் தோழர் சகோதரர் பெர்னார்டு. இது அவருக்குப் பிடிக்கும் என்று சொல்லி அவரை அழைத்துவரச் செய்தார். தூயவர் இனிப்பை வெறுக்கவில்லை. வாயில் வைத்ததும் இன்னொருவர் முகம் அவருக்குத் தோன்றியது. தூய்மையின் அடையாளம் அதுதான்.

ஆகவே, அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு அன்பியமும் ஒரு நாள் ஒரு வீட்டில் கூடி, ஒரு பலகாரத்தையாவது சேர்ந்து செய்யுங்கள். ஆண்களும் பிள்ளைகளும் கட்டாயம் உட்காரட்டும். உங்கள் தெருவில் இந்த ஆண்டு சட்டி வைக்காத வீடு எது, தனியாக இருப்பவர் யார், சூளையில் இருப்பவர் யார் என்று இன்று மாலைக்குள் பெயர் எழுதுங்கள். முதலில் சுட்டெடுக்கும் பலகாரத்தை, பிள்ளைகள் கை வைப்பதற்கு முன், அந்த வீட்டுக்குத் தட்டில் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், கொடுக்கப் பழகட்டும்.

திருமுழுக்கு யோவானிடம் கேட்ட கேள்விக்குப் பதில் நமக்கும் கிடைத்துவிட்டது. இனி செய்யவேண்டியதுதான் பாக்கி. வருகிற ஆண்டவர் நம் வீடுகளையும், நம் பங்கு போய்ச் சேர்கிற வீடுகளையும் தம் மகிழ்ச்சியால் நிரப்புவாராக. ஆமென்.