மிச்ச வருஷங்களின் விலை

போன ஆடிப்பெருக்கன்று புளியஞ்சோலையில் இருந்தேன். ஐயாற்றுப் பாறை ஒன்றின் மேல் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. ஆழமான பக்கம் நகர்ந்த பையன்களை அவர் விசிலால் தடுத்ததைவிட அப்பன் பெயரைச் சொல்லித் தடுத்ததுதான் அதிகம். என்னோடு வந்திருந்தவர் 2001ல் பாங்கிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியேறி, உப்பிலியபுரம் பக்கம் தென்னை வைத்துக்கொண்டிருப்பவர். "இவரையும் பணத்தைக் கொடுத்து அனுப்பிட்டா கவர்மெண்டுக்கு எவ்வளவு மிச்சம்? கணக்குப் போடுங்க தம்பி" என்றார். கேலிதான். ஆனால் குமாஸ்தாவிடம் சொன்னால் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் பத்து வருஷத்தில் முதல் நிலை, பதினைந்தில் தலைமைக் காவலர், இருபத்தைந்தில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் என்பதுதான் வெகுகாலம் இருந்த விதி. நட்சத்திரம் தோளில் ஏறும்போது தலை நரைத்திருக்கும், சம்பளமும் ஏறியிருக்கும். அந்தப் பணத்தில் புதிய ஆட்கள் இரண்டு பேரை வைக்கலாமே என்று எந்தக் கஜானாவுக்கும் தோன்றும். அமெரிக்க நகரங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அங்கே போலீஸ் சம்பளம் நகராட்சியின் சொந்தப் பையிலிருந்து போவது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் மூத்த அதிகாரிகளுக்கு ஒரு தொகையைக் காட்டி, சீக்கிரம் போய்விடுங்கள் என்பார்கள். செலவு அதனால் செத்துவிடுவதில்லை. சம்பளப் பத்தியிலிருந்து பென்ஷன் பத்திக்கு நகர்கிறது, அவ்வளவுதான். 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரம் திவால் மனு கொடுத்தபோது, என்றோ வாக்களித்த பென்ஷனே பேரப் பொருளாகிவிட்டது.

நம் ஊரில் போலீஸ் மாநில அரசின் விஷயம், கார்ப்பரேஷனுக்குச் சம்பந்தமில்லை. இங்கே நடந்தது நேர்எதிர். 2020 மே மாதம், கொரோனாவில் வரவு வறண்டிருந்த சமயம், ஓய்வு வயதை 58லிருந்து 59 ஆக்கினார்கள், 2021ல் 60. ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய பணம் தள்ளிப்போயிற்று. அங்கே பணம் கொடுத்துப் போகச் சொன்னார்கள், இங்கே கொடுக்கப் பணமில்லாமல் இருக்கச் சொன்னார்கள். இரண்டிலும் அந்த மனிதர் வேலைக்கு லாயக்கானவரா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. என் பிரச்னை இதுதான்.

பாங்கு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நெருக்கமானது என்பதால். 2000ல் பொதுத்துறை பாங்குகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில், 40 வயதோ 15 வருஷ சர்வீஸோ ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்ச மாதங்களின் சம்பளம், எது குறைவோ அது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள். கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. மனம் மாறியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பாங்கு ஏற்றுக்கொள்ளும் முன் வாபஸ் வாங்கலாம், பணத்தைப் பெற்று அனுபவித்துவிட்டவர்கள் பின்வாங்க முடியாது என்ற அளவில் 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 'விருப்பம்' என்ற சொல்லுக்கு இவ்வளவு வழக்கு தேவைப்பட்டதே அந்தச் சொல்லின் மேல் ஒரு விமர்சனம் என்று எனக்குப் படுகிறது.

யார் போனார்கள்? தூங்குமூஞ்சிகள் போவார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். வெளியே போனாலும் பிழைத்துக்கொள்வோம் என்ற தைரியம் உள்ளவர்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள் என்கிறார் நண்பர். ஆளெடுப்பும் வருஷக்கணக்கில் நின்றுபோயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிளையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் இருந்தார்கள், எங்களைப்போல இருபதுகளில் சிலர் இருந்தோம். நடுவில் யாரும் கிடையாது. சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். (2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த எங்களுக்குப் பழைய பென்ஷனும் கிடையாது. ஆகவே இந்தக் கட்டுரையில் பொறாமையும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.)

இதனால் அனுபவம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். கைதானவர்களில் இன்ஸ்பெக்டரும் இருந்தார், சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரும் இருந்தார். ஸ்டேஷனின் ஞாபகம் என்பது யார் மகன் எந்த ஊர் என்பது மட்டுமல்ல. எப்படி அடித்தால் தடம் தெரியாது என்பதும் அதே ஞாபகத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே வருஷக்கணக்கில் அளந்து, ஒரே விலை கொடுத்து அனுப்புவதைத்தான் ஒழுக்கக்கேடு என்கிறேன். ஆற்றில் பையனைக் காப்பாற்றியவருக்கும் லாக்கப்பில் கை ஓங்கியவருக்கும் ஒரே சூத்திரம். தகுதியில்லாதவரைப் பொதுநலன் கருதி ஐம்பது வயதில் கட்டாயமாக ஓய்வில் அனுப்ப அடிப்படை விதி 56 இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும், வழக்கு வந்தால் நின்று பதில் சொல்ல வேண்டும். பணம் கொடுத்து அனுப்பினால் எந்தப் பதிலும் தேவையில்லை. மதிப்பிடுகிற சங்கடத்திலிருந்து ஸ்தாபனம் தன்னை விலைகொடுத்து விடுவித்துக்கொள்கிறது. புத்தக மதிப்புரையில் இதே காரியத்தை நாம் காசில்லாமலேயே செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பத்திரிகை நண்பர்கள் மறுக்க மாட்டார்கள்.

கொல்லிமலை அடிவாரத்தில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது, சிரித்து மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை உவமையாக வந்து நிற்கிறது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற உவமையை நம்பக் கூடாது. என் நண்பர் மயங்கிப் போகவில்லை. பெண்ணின் கல்யாணம், வீட்டுக்கடன், கிளை மூடப்படும் என்ற வதந்தி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் போனார். மிச்சப் பணத்தை வைப்பில் போட்டார். இரண்டு மூன்று வருஷத்தில் வட்டி சரிந்தது. பாங்குக்காரருக்கே அது தெரியாமல் போயிற்று.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் கேட்டேன்: "பணம் எதுவும் தராமல், 'நீங்கள் தேவையில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் சார்?"

"சண்டை போட்டிருப்பேன்."

"பணம் கொடுத்தபோது?"

"பணத்தைக் கையில வச்சுக்கிட்டு யார்கூடப் போய்ச் சண்டை போடறது?"

சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பாறையிலிருந்து இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார். நண்பர் அவரிடம், "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்டார். "ரெண்டு இருந்துதுங்க. மறுபடி ரெண்டு சேர்த்துட்டாங்க. இப்ப ஒண்ணரை" என்றார் அவர். சந்தோஷமா, வருத்தமா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.