ருசி பார்த்த பிழை

மார்கழி விடியலில், குன்னத்தூரில் அக்காள் வீட்டுப் பூஜைக்குக் கோசுமல்லி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பாசிப்பருப்பு ஊறியிருந்தது. வெள்ளரிக்காயை அரிந்தேன். தண்ணீர் காணாமல் காய்த்த காய் கசக்கும். குழம்பென்றால் புளியும் காரமும் ஓரளவு மூடிவிடும். பச்சையாக உண்பதில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன்.

“சாமிக்கு முன்னாடி வாயில வைக்கலாமா, தம்பி?”

ராமனுக்குச் சபரி கடித்துப் பார்த்துக் கனி கொடுத்த கதையைச் சொன்னேன்.

“நீ என்ன சபரியா?”

நியாயமான கேள்விதான். எனக்கிருந்தது பக்தியல்ல, பந்தியில் குழந்தைகள் முகம் சுளிப்பார்களே என்ற பயம். அது குற்றமா? கடவுள் கசப்பைப் பொறுப்பார். பசித்த பிள்ளை ஏன் பொறுக்க வேண்டும்?

அக்காள் பேசாமல் ஒரு காயை எடுத்து, ருசி பாராமல், சாமிக்கென்று தனியே அரிந்து கலந்தாள். எலுமிச்சை பிழிந்தாள். உப்பு கடைசியில்தான், முன்னால் போட்டால் நீர் விட்டுவிடும்.

பூஜை முடிந்ததும் அந்தக் கிண்ணத்தை யாருக்கும் கொடுக்காமல் அவளே உண்டாள். கசந்ததா என்று நான் கேட்கவில்லை.