பாலை நிழலில்

காலையில் நாம் கையில் எடுக்கும் தேத்தண்ணிக்கு வன்னிக் காட்டில் ஓர் உறவு இருக்கிறது. மிக நெருங்கிய உறவு என்று சொல்லிவிட முடியாது. தேயிலையின் சொந்தக் குடும்பத்து மரங்கள் இலங்கையின் இந்த வறண்ட பக்கம் வருவதில்லை. ஆனால் மரபணுக்களின் வழியே பூக்கும் தாவரங்களை வகைப்படுத்திய அறிஞர்கள் 1998இல் தேயிலையையும் நம் பாலை மரத்தையும் ஒரே வரிசையில் சேர்த்தார்கள். கருங்காலியும் இலுப்பையும் மகிழும் அதே வரிசைதான். குளிர்ந்த மலைச் சரிவின் செடியும் வறண்ட காட்டின் மரமும் ஒரு மூதாதையின் வழிவந்தவை என்று அறியும்போது மனம் சற்றே விரிகிறது. அந்த விரிவில் கொஞ்சம் தங்கியிருப்போம்.

இரண்டும் என்றும் பசுமையானவை. தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாகவே வளரும். நாம் விடுவதில்லை. பறிக்கும் கைக்கு எட்டும்படி இடுப்பளவில் நிறுத்துகிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். கொழுந்து தலைகாட்டிய சில நாட்களில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுத்துவிடுகிறோம். நம் மனமும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஓர் எண்ணம் துளிர்க்கிறது. உடனே ஆசையின் கை நீள்கிறது. அடுத்தது துளிர்க்கிறது, அதையும் கிள்ளுகிறது. எதுவும் முற்றுவதில்லை, எதுவும் கனிவதில்லை. துளிர்த்துத் துளிர்த்தே மனம் களைத்துப்போகிறது.

பாலையிடம் அந்த அவசரம் இல்லை. மெல்ல, மிக மெல்ல வளர்கிறது. அப்படி வளர்வதால்தானோ என்னவோ, அதன் வைரம் தண்ணீரில் இட்டால் தாழ்ந்துவிடும் அளவுக்குக் கனமானது. இலை தோல்போலத் தடித்து, நுனியில் சிறு பிளவோடு, கரும்பச்சையாய் மின்னும். காம்பைக் கிள்ளினால் பால் கசியும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் வன்னிக்குப் பெருமழை. அதன்பின் நீண்ட வறட்சி. ஆடியில் சோளகக் காற்று வீசும்போது குளங்கள் அடி தெரிய வற்றுகின்றன, புல் கருகுகிறது. பாலையோ, தடித்த இலைக்குள் தன் ஈரத்தை அடக்கிக்கொண்டு பச்சையாகவே நிற்கிறது.

அப்படியானால் அது எதையும் இழக்கவில்லையா? அடிமரத்தருகே குனிந்து பாருங்கள். காய்ந்த இலைகள் கிடக்கின்றன. ஒவ்வொரு இலைக்கும் ஒரு காலம் இருக்கிறது. காலம் முடிந்தது உதிர்கிறது. கிளையின் நுனியில் இன்னொன்று விரிகிறது. எல்லாம் ஒன்றாக உதிர்வதில்லை, அவ்வளவே. இழப்பு நின்றபின்தான் அமைதி வரும் என்று நாம் காத்திருக்கிறோம். மரம் காத்திருக்கவில்லை. உதிர்ந்துகொண்டே தளிர்க்கிறது, தளிர்த்துக்கொண்டே உதிர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதன் பசுமை இருக்கிறது. நம் அமைதியும் அங்கேதான் இருக்கக்கூடும்.

வன்னியில் இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே தாழ்கிறது. 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்கள் பலர். கொழுந்து பறித்த கைகளால் காடு திருத்திப் பயிர் வைத்தார்கள். பிறகு போர் வந்தது. 2009 வரை அவர்களும், தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்தவர்களும் சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள், சேர்ந்தே இழந்தார்கள். ஒரேயடியாக எல்லாம் உதிர்ந்த மண் இது. இங்கே அமைதியைப் பற்றிப் பேசுகிறவர் மெதுவாகத்தான் பேச வேண்டும். ஆனாலும் பேசலாம் என்றே நம்புகிறேன். வேலியில் மறுபடி பூ வைத்தவர்களை இந்த ஊர்களில் எங்கும் காண்கிறோம்.

வைகாசி, ஆனியில் பாலைப்பழம் மஞ்சளாய்ப் பழுக்கும். கரடிக்கும் அதன்மேல் ஆசை, நமக்கும் ஆசை. உண்டால் பிசின் உதட்டில் ஒட்டும், இனிப்பு நாவில் நிற்கும். வற்றாப்பளை அம்மனின் பொங்கல் வருவதும் வைகாசியில்தான். இம்முறை போகிறவர்கள் வழியில் ஒரு பாலையின் கீழ் சற்று அமர்ந்து பார்க்கலாம். வருகிற எண்ணத்தை வரவிட்டு, போகிறதைப் போகவிட்டு, எதையும் கிள்ளாமல் இருக்கலாம். கால்மணி நேரம் போதும். பழத்தைப் பிறகு பொறுக்கலாம்.