கடந்ததை அறிவது எங்ஙனம்?

அறிவு ஐந்து வகைப்படும் என்பது தத்துவார்த்த சூத்திரம் கற்பிக்கும் பாடம். மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என்னும் இவற்றுள் முதலிரண்டும் மறைமுக அறிவு என்றும், எஞ்சிய மூன்றும் நேரறிவு என்றும் அந்நூல் பகுத்துரைக்கிறது. பொறிகளாலும் மனத்தாலும் பெறுவது மதி. சொல்லின் வாயிலாகப் பெறுவது சுருதம். இல்லறத்தாராகிய நமக்கு வாய்த்தவை இவ்விரண்டுமே.

இப்பகுப்பை நோன்பு நாள்களில் ஓதிக் கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆயினும் வரலாறு பயில்வோர்க்கு இதனினும் பயனுள்ள பாடம் அரிது. நீரையும் உலோகத்தையும் ஆராய்பவர், ஐயம் எழுந்தால் சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம். ஓர் அரசன் சமயம் மாறிய நாளை எவரும் மீண்டும் நடத்திப் பார்த்தல் இயலாது. அவன் ஏன் மாறினான் என்பதோ இன்னும் அரிது. பிறர் உள்ளத்தை நேரே அறியும் மனப்பரியய ஞானம் நமக்கு இல்லை. அவர் விட்டுச்சென்ற சொல்லையும் செயலையும் கொண்டே அவர் எண்ணத்தைக் கருதி அறிதல் வேண்டும். ஆங்கிலேய மெய்யியலார் காலிங்வுட், அவர் மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்த நூலில், முன்னோர் எண்ணியதைத் தம் உள்ளத்தில் மீண்டும் எண்ணிப் பார்ப்பதே வரலாற்றாசிரியர் பணி என்றார். அவ்வாறாயின் வரலாறு வெறும் ஊகம்தானா? அன்று. ஊகத்தைச் சான்றோடு பொருத்திச் சரிபார்க்கும் வழிகள் உண்டு. அவற்றை நம் சமய வரலாற்றிலிருந்தே காண்போம்.

கல் கற்பித்த பாடம்

மதுரைக்கு அண்மையில் உள்ள மாங்குளம் குன்றின் குகைத்தளங்களில் பழைய எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றை 1882இல் இராபர்ட் சுவெல் என்பார் கண்டறிந்தார். எழுத்து பிராமி என்பது அறிஞர்க்கு விளங்கியது, மொழி விளங்கவில்லை. பிராமியில் எழுதப்பட்டவை பிராகிருதமாகவே இருக்கும் என்று எதிர்பார்த்துப் படித்தமையால், சொற்கள் பொருள்படாமல் நின்றன. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் இம்முடிச்சை அவிழ்த்தார். ழ, ள, ற, ன ஆகிய தமிழுக்குரிய ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இக்கல்வெட்டுகளில் இருப்பதையும், பிராகிருதத்துக்கு இன்றியமையாத வர்க்க எழுத்துகள் அருகியிருப்பதையும் எடுத்துக்காட்டி, இவை தமிழே என நிறுவினார்.

கல் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. கல்லை நோக்கி எழுப்பிய வினா மாறியது. சான்று தானாகப் பேசாது, தக்க வினாவிற்கே விடை தரும் என்பது இதனால் நாம் பெறும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கரூரை அடுத்த புகலூரில் உள்ளது. அங்குள்ள குன்றில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துத் தந்த செய்தி வெட்டப்பட்டுள்ளது. சேர மரபில் பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையினரை அக்கல்வெட்டு குறிக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1960களில் இதனை ஆராய்ந்து, பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளில் பாடப்பெற்ற அரசர்களோடு பொருத்திக் காட்டினார். பரிசில் வேண்டிப் பாடிய புலவரும், துறவிக்காகக் கல் அறுத்த தச்சரும் ஒருவரையொருவர் கலந்து பேசியவர் அல்லர். அவர்தம் நோக்கமும் வேறு. வேறு நோக்கமுடைய இரு சாட்சிகள் தாமாகவே ஒத்து நிற்கும்போது, ஊகம் அறிவாக உயர்கிறது.

ஆறாத ஒரு கதை

இனி நம் உள்ளத்தைத் தொடும் செய்திக்கு வருவோம். திருஞானசம்பந்தரோடு நிகழ்ந்த வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேற்றப்பட்டனர் என்னும் கதையை அறியாத தமிழ்ச் சமணர் இலர். கோயில் ஓவியங்களில் அக்காட்சியைக் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவர் நம்மில் பலர். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, “அது உண்மையா?” என்று வினவினால் என்ன விடை கூறுவது?

சினத்தோடு விடை கூறுதல் எளிது. சான்றோடு கூறுதலே முறை. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். அவர் பதிகங்கள் சமணரைக் கடுஞ்சொற்களால் பழிக்கின்றன. ஆயின் இக்கழுவேற்றத்தை எடுத்துரைக்கவில்லை. நம்பியாண்டார் நம்பி சில நூற்றாண்டுகள் கழித்து இதனைக் குறிப்பிடுகிறார். சேக்கிழார் விரித்துப் பாடுவது பன்னிரண்டாம் நூற்றாண்டில். நிகழ்ச்சிக்கும் விரிவான உரைக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். இத்துணைப் பெரிய துயரைச் சமண நூல்கள் கூறாமையும் எண்ணத்தக்கது. எண்ணாயிரம் என்னும் தொகையும் ஆராய்தற்குரியது. பாண்டியனிடமிருந்து பிரிந்து சென்ற எண்ணாயிரம் முனிவர் ஆளுக்கொரு பாடல் எழுதிவைத்தமையால் நாலடியார் தோன்றிற்று என்னும் நம் மரபுக் கதையிலும் அதே தொகை வருகிறது. பகைவர் கதையிலும் நம் கதையிலும் ஒரே எண் வருமாயின், அது தலைகளை எண்ணிப் பெற்ற கணக்கன்று என்று ஐயுறுதல் தகும்.

கற்களோ வேறு செய்தி கூறுகின்றன. மதுரைக்கு அருகிலுள்ள சமணர்மலையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளிலும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டன. கழுகுமலைப் பாறையில் சம்பந்தருக்குப் பிற்பட்ட காலத்தில் ஊரூரிலிருந்தும் வந்த அடியார்கள் செய்வித்த திருமேனிகள் நிரல்பட நிற்கின்றன. சித்தன்னவாசல் அறிவர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் புதுக்கியவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வேரோடு களையப்பட்டதாகச் சொல்லப்படும் மதுரையிலேயே, இரண்டு நூற்றாண்டுகள் கழித்து ஒரு சமண ஆசிரியர் இருந்திருக்கிறார். பாண்டிய நாட்டில் கோயில் திருப்பணியும் செய்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் கருதியே நீலகண்ட சாஸ்திரியார் போன்ற வரலாற்றறிஞர் இக்கதையை வரலாறாக ஏற்க மறுத்தனர். ஆயினும் முடிவுரைக்கும்போது நாம் எல்லை கடத்தல் ஆகாது. எண்ணாயிரவர் கொலைக்குச் சான்றில்லை என்பது ஒன்று. எந்தக் கொடுமையும் நிகழவில்லை என்பது மற்றொன்று. முன்னதை நாம் கூறலாம். பின்னதைக் கூறக் கற்கள் இடந்தரவில்லை. அரசர் ஆதரவு குறைந்ததும், சமண மரபு சுருங்கியதும் மறுக்க முடியாதவை.

அப்படியாயின் அக்கதை பயனற்றதா? அதுவும் அன்று. ஏழாம் நூற்றாண்டுக்குத் தகுந்த சாட்சியாகாத கதை, அதனைப் பாடிய பிற்காலத்துக்கு நல்ல சாட்சி. வெற்றியை இவ்வளவு குருதியோடு நினைவுகூர வேண்டும் என்று ஒரு காலம் ஏன் கருதியது? எதிர்ச்சமயம் அப்போதும் அஞ்சத்தக்க வலிமையோடு இருந்ததா? கதை கூறும் நிகழ்ச்சி ஐயத்துக்குரியதாயினும், கதை சொன்னவர் உள்ளம் அதில் பதிந்துள்ளது. மனிதரை ஆராயும் துறைகள் அனைத்தும் இவ்வழியே அறிவு பெறுகின்றன.

அளவுகோல் ஒன்றே

பிறர் கதைக்கு நாம் பயன்படுத்திய அளவுகோலை நம் கதைக்கும் பயன்படுத்துவதே நேர்மை. திருக்குறளை இயற்றியவர் ஏலாசாரியராகிய குந்தகுந்தரே என்று நம் குடும்பங்களில் வழிவழியாகக் கூறி வருகிறோம். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இதனைப் பெரும் புலமையோடு வற்புறுத்தினார். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் அந்நூல் போற்றும் திறமும், கடவுள் வாழ்த்தில் வரும் சில அடைமொழிகளும் நம் கருத்துக்கு அரண் செய்கின்றன. நீலகேசிக்கு உரை வகுத்த சமய திவாகர வாமன முனிவர் குறளை “எம்மோத்து” என்றே குறிப்பிட்டார்.

இவை மதிக்கத்தக்க சான்றுகள். ஆயின் எதற்குச் சான்று என்று கேட்டல் வேண்டும். உரையாசிரியர் தம் காலத்துச் சமணர் குறளைத் தமது மறைநூலாகக் கொண்டிருந்தனர் என்பதற்கு உறுதியான சாட்சி. பல நூற்றாண்டுகளுக்கு முன் அதனை எழுதியவர் யார் என்பதற்கு அவர் நேர்சாட்சி அல்லர். சேக்கிழார் காலத்தால் பிற்பட்டவர் என்று கூறிய அதே நாவால், வாமன முனிவர் கூறியதை மட்டும் ஐயமின்றிக் கொள்வோமாயின், நாம் நாடுவது உண்மையன்று, வெற்றியே ஆகும். குறளில் சமண அறத்தின் செல்வாக்கு ஆழமானது என்று துணிந்து கூறுவோம். ஆசிரியர் பெயரைப் பொறுத்தவரை, நம் மரபு இவ்வாறு கருதுகிறது என்று கூறுவோம். இதனால் குறளுக்கும் குறைவில்லை, குந்தகுந்தருக்கும் குறைவில்லை.

“அனேகாந்தம் எல்லாக் கூற்றையும் ஏற்பதன்றோ? பிறகு ஆராய்ச்சி எதற்கு?” என்று சிலர் கேட்பர். அது அனேகாந்தம் அன்று, சோம்பல். எந்த நோக்கில், எந்த அளவில், எந்தச் சான்றின்மேல் ஒரு கூற்று மெய்யாகும் என்று வரையறுத்துச் சொல்வதே சியாத்வாதம். கழுவேற்றக் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டின் நம்பிக்கை என்ற நோக்கில் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் நிறுவப்பட்ட நிகழ்ச்சி என்ற நோக்கில் இல்லை. அன்று மதுரையில் நிகழ்ந்தது முழுவதும் என்ன என்ற நோக்கில், சொல்லொணாதது. இவ்வாறு கூறுவதில் குழப்பமில்லை, அடக்கமே உள்ளது.

இவ்வடக்கம் அறிவுத்துறைக்கு மட்டும் உரியதன்று. அகிம்சையின் ஒரு கூறும் ஆகும். நிறுவப்படாத கொலைக்காக இன்று வாழும் அண்டை வீட்டாரை மனத்தால் பழித்தலும் இம்சையே. மெய்யாக நேர்ந்த இழப்பை இல்லையென்று மூடுதல், இழந்தோர்க்குச் செய்யும் இம்சை. இரண்டுக்கும் இடையே நம்மைக் காப்பது சான்றின்பால் நாம் கொள்ளும் மரியாதை.

ஆசிரியப் பணியில் நாம் கையாண்ட எளிய முறை ஒன்றை இங்கு கூறுதல் தகும். மாணவர் ஒரு செய்தி சொன்னால் மூன்று வினாக்களை எழுப்புவோம்: “நீ கண்டதா? பிறர் சொல்லக் கேட்டதா? நீயே எண்ணிக்கொண்டதா?” காண்டல், உரை, கருதல் என்னும் முன்னோர் அளவைகள் இவையே. பத்து வயதுப் பிள்ளைக்கும் இவை விளங்கும். வீட்டிலும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். நம் ஊர் ஜினாலயத்தில் நிற்கும் கல்வெட்டையும், பெட்டியில் உறங்கும் ஏட்டுச்சுவடியையும், பாட்டியார் நினைவில் உள்ள விழாச் செய்திகளையும் இன்றே எழுதி வைப்போம். எழுதும்போது, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஆண்டு என்பவற்றையும் தவறாமல் குறிப்போம். பாட்டியார் கூறியதைத் திருத்தாமல் அவர் சொன்னவாறே எழுதுவோம். நம் கருத்தைத் தனியே எழுதுவோம். கல் பல நூற்றாண்டுகள் காத்திருக்கும். நினைவு அவ்வளவு காலம் காத்திராது.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று மும்மணிகளை நிரல்படுத்துகிறோம். கடந்த காலத்தைப் பற்றிய அறிவிலும் இவற்றைப் பிரித்தல் இயலாது. விருப்பு வெறுப்பு நீங்கிய பார்வையும், சான்றோடு பொருந்திய அறிவும், அறிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூறாத ஒழுக்கமும் நம் இல்லந்தோறும் தழைக்க வேண்டும்.

அறம் வளர்க!