ஆறுதல் சொல்லாத பாட்டு

ஆறுதல் சொல்லாத ஒரு பாட்டை மனிதன் எதற்காகக் கேட்க வேண்டும்? ஐம்பதை நெருங்கும்போது எனக்குள் வந்த கேள்வி இது. அதுவரை இப்படி ஒரு கேள்விக்கு அவசியமே இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் பாட்டு என்றாலே ஆறுதல்தான். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறும் ஜீப்பில் பாட்டு ஓடும். காய் தரம் பிரிக்கிற இடத்தில் ஓடும். கல்யாண வீட்டில் ஓடும். பெரும்பாலும் ஒருவருடைய பாட்டுதான். அவர் பிறந்த பண்ணைப்புரம் எங்களுக்கு எட்டுகிற தூரம். எந்தத் துயரத்தைக் கொண்டுபோனாலும் அதற்கென்று இளையராஜாவிடம் ஒரு மெட்டு இருக்கும். துயரத்தை வாங்கி, அழகாக்கித் திருப்பித் தரும். அந்த அழகில் வளர்ந்தவன் நான். அதைக் குறைத்துச் சொல்ல இப்போதும் மனமில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள், பலர் இளம்பெண்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர்க்காரர்களும் தோட்டத்து ஆட்களும் இருட்டில் மலையேறிப் போய், போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கடுத்த நாட்களில் டீக்கடையில் எல்லோரும் இரண்டு வாக்கியத்தையே மாற்றி மாற்றிச் சொன்னோம். விதி. காலம் எல்லாத்தையும் ஆத்தும்.

எனக்கு ஆறவில்லை. பெரிய உறவு எதையும் நான் இழந்துவிடவில்லை. ஆனாலும் எதிரே கருகிக் கிடந்த சரிவைப் பார்த்தபடி, மனதை வருடிக் கொடுக்கும் எந்தப் பாட்டையும் என்னால் கேட்க முடியவில்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். கடையில் பாட்டு ஓடும்போது எழுந்து வெளியே போய் நிற்பேன். அழகாக்கித் தருவது அப்போது எனக்குப் பொய்யாகப் பட்டது.

அந்த வருஷத் திருவிழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்திருப்பான் போல. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, "மாமா, இதக் கேட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்ருங்க" என்றான். சவுண்ட்கார்டன் என்ற அமெரிக்கக் குழுவின் 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' என்ற பாட்டு. பெரிதாக எதுவும் நடந்துவிடாமலே ஒருவனுடைய நாட்கள் இருண்டுபோவதைப் பற்றியது. எனக்கு அன்று சொற்கள் பிடிபடவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"என்ன மாப்ள, தொண்டை கிழியுது அந்தாளுக்கு?"

"கிழியட்டும் மாமா. கிழியறதுதான் பாட்டு."

1990களின் ஆல்டர்நேட்டிவ் ராக் என்னிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான், கால் நூற்றாண்டு தாமதமாக.

தாமதம் என்று சொன்னாலும் ஏக்கத்தோடு சொல்லவில்லை. நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது. அதே வருஷ தீபாவளிக்கு எங்களுக்குத் 'தளபதி' வந்தது. மறு வருஷம் 'ரோஜா'. போடியில் கேசட் கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, பதிந்து வாங்க நாட்கணக்கில் காத்திருந்த காலம். ஸ்டார் டிவி வழியாக எம்டிவி இந்தியாவுக்குள் 1991இலேயே நுழைந்தது, ஆனால் எங்கள் மலையடிவாரத்துக்கு அது வரவில்லை. வந்திருந்தாலும் எனக்கு அப்போது அது தேவைப்பட்டிருக்காது. மனதுக்குள் ஓர் இடம் காலியான பிறகே சிலது உள்ளே வர முடிகிறது.

புதிதாக நுழைகிறவனுக்கு ஒரு கைப்பிடி வேண்டும். எனக்கு அது ஒரு பெயராக வந்தது: கிம் தாயில். சவுண்ட்கார்டனின் கிடார் கலைஞர். பெற்றோர் கேரளத்தவர்கள். 1960இல் சியாட்டிலில் பிறந்து, சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள பார்க் ஃபாரஸ்ட்டில் வளர்ந்து, பிறகு சியாட்டிலுக்கே திரும்பித் தத்துவம் படித்தவர். 1984இல் கிறிஸ் கார்னெல், ஹிரோ யமமோட்டோ என்ற இருவரோடு சேர்ந்து குழுவைத் தொடங்கினார். கிரஞ்ச் என்ற அந்தச் சியாட்டில் இசையை உலகத்துக்குக் கொண்டுபோன சப் பாப் நிறுவனத்தின் இரு பங்குதாரர்களையும் ஒன்றுசேரத் தூண்டியவரும் இவரே. நிர்வாணாவின் முதல் ஆல்பமான 'பிளீச்'சை 1989இல் வெளியிட்டது அந்த நிறுவனம்தான். ஒலிப்பதிவுச் செலவு மொத்தமே 600 டாலர் சொச்சம்.

எங்கள் மலையில் நின்று அந்தப் பக்கம் பார்த்தால் கேரளம். ஒரு மலையாளி வீட்டுப் பிள்ளை அமெரிக்காவின் அந்தக் கோடியில் இதைச் செய்திருக்கிறார் என்று தெரிந்ததும், 'இது நமக்கானது இல்லை' என்று மனதுக்குள் போட்டிருந்த வேலி தானாக விழுந்துவிட்டது. யோசித்தால் அந்த வேலிக்கே இந்த மலையில் இடமில்லை. 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் இந்த மலையைத் தாண்டிப் போய்த்தான் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நடுவில் பாடினார். பாட்டு இங்கே எப்போதும் எல்லை தாண்டியே நடந்திருக்கிறது.

தாயிலின் கையைப் பிடித்துக்கொண்டு 1994இல் வந்த 'சூப்பர்அன்நோன்' ஆல்பம் முழுவதையும் கேட்டேன். 'ஸ்பூன்மேன்' என்ற பாட்டில்தான் முதல் சந்தோஷம். சியாட்டில் தெருவில் கரண்டிகளைத் தட்டி வாசித்த ஆர்டிஸ் என்ற கலைஞரைப் பற்றிய பாட்டு. ஒலிப்பதிவிலும் அவரே வாசித்திருக்கிறார். அதன் முக்கியமான கிடார்ப் பகுதியை எண்ணிப் பார்த்தால் நான்கு நான்காக அடங்க மறுக்கிறது. ஏழாக எண்ணினால் உட்கார்ந்துகொள்கிறது. மார்கழி பஜனையில் மிஸ்ர சாபுவைத் தொடையில் தட்டிப் பழகிய கை எனக்கு. ராக் ரசிகர்கள் விசித்திரம் என்று வியக்கிற இடம் எனக்குச் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி இருந்தது. அவர்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை என்று படித்தேன். வாசித்து முடித்த பிறகே எண்ணிப் பார்ப்பார்களாம்.

கடினமாக இருந்தது வேறு ஒன்று. நம் திரைப்பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் வந்து நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். இங்கே அப்படி யாரும் வருவதில்லை. நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' கேட்டால் தெரியும். சரணத்தில் டிரம்ஸும் பேஸும் அடங்கி நடக்கும். கிடார் இரண்டு சுவரத்தை மட்டும் தொட்டுத் தொட்டு விடும். பாடகர் கர்ட் கோபேன் முணுமுணுப்பார். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எல்லாம் ஒன்றாக இடிந்து விழும். பாஸ்டனைச் சேர்ந்த பிக்ஸீஸ் குழுவிடமிருந்து இந்த உத்தியை எடுத்ததாகக் கோபேனே சொல்லியிருக்கிறார். முதலில் இதைக் கைத்திறன் போதாமை என்று எண்ணத் தோன்றும். எனக்கு மார்ச் மாதத்துச் சரிவு நினைவுக்கு வந்தது. காய்ந்த போதைப்புல்லில் தீ ஏறும்போது இசைக்கோவை எதுவும் நடுவில் வருவதில்லை.

கோபேன் பிறந்தது வாஷிங்டன் மாநிலத்துக் கடலோரத்தில் அபர்டீன் என்ற ஊரில். மரம் வெட்டி வாழ்ந்த ஊர். மரத்தொழில் நலிந்ததும் ஊரும் நலிந்தது. ஒரே விளைபொருளை நம்பி நிற்கிற ஊரில் விலை விழுந்தால் வீடுகளுக்குள் என்ன சத்தம் கேட்கும் என்பது ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும். அந்தச் சத்தம் எங்கள் பாட்டில் இதுவரை ஏறவில்லை. அவர்கள் பாட்டில் ஏறியிருக்கிறது.

அயர்லாந்தின் லிமரிக் நகரத்துக் கிரான்பெரீஸ் குழு 1994இல் பாடிய 'ஸாம்பி' என்னை வேறு விதமாக உலுக்கியது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டனில் வெடித்த குண்டுகளில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அதன் பின் குழுவின் பாடகி டோலோரஸ் ஓ'ரியார்டன் எழுதியது. அவர் குரல் ஓரிடத்தில் தொண்டையிலிருந்து உடைந்து மேலே தாவும். அதைக் கேட்டதும் நான் நினைத்தது எங்கள் ஊர்க் கிழவிகளை. சாவு வீட்டில் தோளோடு தோள் சாய்ந்து ஒப்பாரி வைக்கும்போது குரல் இப்படித்தான் உடையும். எந்த ஒப்பாரியிலும் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு வரி வந்து நான் கேட்டதில்லை. போனவர் போய்விட்டார், இருப்பவள் இப்படிக் கிடக்கிறாள், அவ்வளவுதான். அந்தக் கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். துக்க வீட்டில் இப்போது ஸ்பீக்கர் வைக்கிறார்கள். துயரத்தை மாற்றாமல், அது இருக்கிறபடியே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதற்கு எங்களிடமும் ஒரு பாட்டு இருந்தது. அது போன பிறகு, அந்த வேலையைச் செய்ய அபர்டீனிலிருந்தும் லிமரிக்கிலிருந்தும் ஆட்கள் வரவேண்டியிருந்தது எனக்கு.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பாரி ஒருத்தியுடையதில்லை; அடுத்த வீட்டுக்காரி பாதியில் எடுத்துக்கொள்வாள். இந்தப் பையன்கள் தனியாகக் கத்துகிறார்கள். அந்தத் தனிமை எனக்கு ஏற்புடையதாயில்லை. 1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவி அன்பிளக்டுக்காக நிர்வாணா வாசித்ததில் கடைசிப் பாட்டு, லெட்பெல்லி என்ற கறுப்பினக் கலைஞர் பாடிப் பரவிய பழைய நாட்டுப்பாட்டு. கோபேன் அங்கே முன்னே அழுதுவிட்டுப் போனவர்களின் குரலோடு தன் குரலைச் சேர்த்துக்கொள்கிறார். எனக்கு அவருடைய மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகப் படுகிறது.

தாமதமாக வந்தவனுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. கோபேன் 1994 ஏப்ரலில், இருபத்தேழு வயதில். ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் லேன் ஸ்டேலி 2002இல். கார்னெல் 2017இல். ஓ'ரியார்டன் 2018 ஜனவரியில். ஒவ்வொரு வரியிலும் சாவைத் தேடுகிற காதோடு கேட்கத் தொடங்கினேன், அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்று பிறகு பட்டது. 'நெவர்மைண்ட்' வரும்போது கோபேனுக்கு வயது இருபத்து நான்கு. அன்று அவர் சாவைப் பாடவில்லை. டிரம்ஸ் எவ்வளவு பலமாக விழுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த பையன். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உயிரோட இருக்கறவங்களக் கேளுங்க மாமா" என்றான். சரியான யோசனை. எடி வெட்டர் இன்னும் பேர்ல் ஜாம் குழுவோடு பாடுகிறார். தாயில் அறுபதைத் தாண்டி, நரைத்த தாடியோடு இருக்கிறார். 2025இல் சவுண்ட்கார்டனை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

ராஜாவின் பாட்டுக்கும் திரும்பிவிட்டேன். கடையில் இப்போது எழுந்து வெளியே போவதில்லை. இரண்டுக்கும் இரண்டு வேளை இருக்கிறது. மாப்பிள்ளை அடுத்ததாக ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் 1995இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தை அனுப்பியிருக்கிறான். 28 பாட்டு. கோடையில் காய் வரத்து குறைந்து கணக்கு வேலை இலகுவாகும். அடுத்த காய் எடுப்பு தொடங்குவதற்குள் அதைக் கேட்டு முடித்து, எது தேறும் எது தேறாது என்று அவனிடம் சண்டை போட வேண்டும்.