எண்ணூரில் நீலம் தீட்டலாமா?

சென்னையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் கரையில் ஓர் ஓவியர் கேன்வாஸை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே புகைபோக்கிகளுக்கு மேல் தெரியும் வானத்தை விட்டுவிட்டு, மனத்தில் எழும் வானம் ஒன்றை வாட்டர்கலரில் தீட்டுகிறார். அது பொய்யா? கலை விமர்சகர்களுக்கு முன்பே இந்தக் கேள்வியைத் தத்துவவாதிகள் தொட்டுவிட்டார்கள். பிரம்மசூத்திர உரையின் முகப்பில் அத்யாசத்தை, அதாவது ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றிக் காண்பதை, விளக்க வரும் சங்கரர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று வானம்தான். ஆகாயம் கண்ணுக்குப் புலப்படாதது. அப்படியிருந்தும் அறியாதவர்கள் அதற்கு ஒரு தளம் இருப்பதாகவும் அதில் அழுக்குப் படிந்திருப்பதாகவும் காண்கிறார்கள் என்கிறார். திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சங்கரர் வந்ததாக மரபு சொல்லும். ஆனால் இன்றைய எண்ணூரில் நின்று, வானத்தின் அழுக்கு பார்ப்பவர் மனத்தில்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது வேதாந்தமாகாது, கொடுமை. இங்கே அழுக்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதை மூச்சில் இழுப்பவர்களுக்கு இருமல் வருகிறது.

எனினும் அந்த உதாரணத்தில் பாதி இன்னும் நிற்கிறது. அழுக்கு வானத்துடையது இல்லையென்றால் நீலமும் வானத்துடையது இல்லை. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் அது. மேலே நீலமாக ஒரு பொருளும் கிடையாது. ஆகவே, இருப்பதை இருந்தபடி வரைகிறேன் என்பவரும் ஒரு தோற்றத்தைத்தான் வரைகிறார். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதை ஆராய்ந்து எழுதினார். அந்த வாரங்களில் ராயபுரத்துக் கரையில் ஒருவர் பச்சைச் சூரியனை வரைந்திருந்தால், பிறகு பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கற்பனை என்றே சொல்லியிருப்பார்கள். கண்ட வானம், கற்பித்த வானம் என்ற பிரிவை வைத்து மெய்யையும் பொய்யையும் பிரிக்க முடியாது. ஒரு படம் நமக்கு எதை அறியத் தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கெசோ என்ற அடிப்பூச்சு பூசிய சாதாரணக் கேன்வாஸ் நீரைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சும் தன்மையுள்ள வெள்ளைப் பூச்சு ஒன்றைத் தனியாக ஏற்றி, அது நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணத்தைத் தொட வேண்டும். காகிதத்தில் நிறம் நாருக்குள் இறங்கிவிடும்; இங்கே பெரும்பகுதி மேலேயே தங்குகிறது. கடலோர ஈரக்காற்றில் ஒவ்வொரு படலமும் காயத் தாமதமாகும், அதுவரை நிறம் தன் போக்கில் ஓடும். ஈரத் தூரிகையால் ஒற்றினால் கழன்று வந்துவிடும். கீழிருக்கும் வெள்ளை வெளிப்படும். மேகத்துக்கென்று வெள்ளை வண்ணம் பூசுவதில்லை. நிறம் படாமல் விட்ட இடமும், பூசிய பின் ஒற்றி எடுத்த இடமும்தான் மேகம். கடைசியில் வார்னிஷ் தெளிக்காவிட்டால் ஒரு மழைத்துளி மொத்தத்தையும் கலைத்துவிடும். கற்பனை என்றால் இல்லாததைக் கொண்டுவந்து குவிப்பது என்று நினைக்கிறோம். இந்த ஊடகத்தில் அது பெரும்பாலும் நீக்கும் வேலை. அத்வைதிகளே இதை ஒரு போதனை முறையாக வைத்திருக்கிறார்கள்: முதலில் ஏற்றிச் சொல்வது, பிறகு ஏற்றியதை விலக்குவது. சென்னையில் வாழ்ந்த காலத்தில் திருவொற்றியூருக்கு அடிக்கடி வந்து வழிபட்ட வள்ளலார், பின்னாளில் வடலூர் சத்திய ஞான சபையில் கறுப்பு தொடங்கி ஏழு நிறத் திரைகளை அமைத்தார். தைப்பூசத்தன்று அவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் சோதியைக் காட்டுகிறார்கள். வாட்டர்கலரிலும் ஒளி அடியிலிருந்துதான் வருகிறது; நிறங்கள் அதன்மேல் விழுந்த திரைகள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓவியருக்குச் சாட்சிக் கடமை இல்லையா? டர்னர், மோனே இருவரின் ஓவியங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, தொழிற்புரட்சிக் காலத்தில் காற்று மாசு கூடக்கூட அந்த ஓவியங்களில் மங்கலும் வெண்மையும் கூடுவதைக் காட்டியது. அவர்கள் சுத்தமான வானத்தைக் கற்பனை செய்து தீட்டியிருந்தால் அந்தச் சான்று போயிருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டர்னர் பெரும்பாலும் குறிப்புகளையும் நினைவையும் வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்து தீட்டியவர். கற்பனையில் அவருக்கு நிகர் குறைவு. அப்படிப்பட்டவரின் படத்திலும் லண்டன் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதே ஆய்வின் சுவையான பகுதி. தவிர, கண்ணால் கண்டதை மட்டும் வரையும் சாட்சிக்கு எண்ணூரில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அம்மோனியாவுக்கு நிறமில்லை. நிலக்கரி எரிவதில் வரும் கந்தக டை ஆக்சைடுக்கும் நிறமில்லை. கண்ணை மட்டும் நம்பினால் அந்த இரவு சாதாரண மார்கழி இரவாகத்தான் கேன்வாஸில் வரும்.

திருவொற்றியூர்க் கோயிலில் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்றுருவானவர். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் அதைக் களைவார்கள். மற்ற நாட்களில் வரும் அடியவர் கண்ணில் படுவது கவசம், வணங்குவது உள்ளே இருப்பதை. அவர் கவசத்தைக் கவசம் என்று அறிந்திருப்பதால்தான் அந்த வழிபாடு நடக்கிறது. உள்ளிருப்பதை மனத்தில் நிறுத்தாமல் அந்த அறிவு வராது. என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மேலே ஒரு மூடாக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது இல்லாத வானத்தை ஒருவர் நினைத்துப் பார்த்தாக வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் நின்றது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையமும் வந்துவிட்டது. அந்தப் புகைக்குக் கீழே பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் உண்டு. இங்கே வானம் இப்படித்தான் என்று பழகிப்போவதுதான் உண்மையான அத்யாசம், புகையை வானத்தின் இயல்பாக ஏற்றிக் காண்பது. அதைக் கலைக்க இன்னொரு வானம் வேண்டும். காசிமேட்டு மீனவர்களுக்கு இது புதிதல்ல. வாடையா, கொண்டலா, கச்சானா என்று காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போகிறவர், இன்றைய வானத்தோடு நாளைய வானத்தையும் சேர்த்தே பார்க்கிறார். அது கற்பனைதான். அதை நம்பித்தான் படகு இறங்குகிறது.

ஆனால் எல்லாக் கற்பனை வானத்துக்கும் இந்தத் தகுதி கிடையாது. ஒரே வாஷில் நீலத்தை இழுத்து, இரண்டு மேகத்தை விட்டு, மூலையில் ஒரு படகைச் சேர்க்கும் காலண்டர் வானம் தொழிற்சாலை வரவேற்பறைக்கு மிகப் பொருத்தமானது. அதனால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். அது எதையும் நீக்கவில்லை; இருப்பதன்மேல் இன்னொரு பூச்சைச் சேர்க்கிறது. இதை விட மோசமானதும் உண்டு: மாசினால் சிவந்த மாலையை அழகு என்று கொண்டாடும் படம். பார்ப்பவர் படத்திலிருந்து கண்ணை எடுத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்து, இந்த இரண்டும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்று கேட்க வேண்டும். கேட்க வைக்காத வானம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் என் கணக்கில் தோல்விதான்.

1821, 1822இல் லண்டன் ஹாம்ஸ்டெட் மேட்டிலிருந்து வானத்தை வரைந்து தள்ளிய ஜான் கான்ஸ்டபிள், பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். வடசென்னையில் கற்பனை வானம் தீட்டும் ஓவியர்களிடம் கேட்பது அதுதான். முன்புறம் உங்கள் வானம் இருக்கட்டும். பின்புறம் அன்றைய வானத்தை எழுதுங்கள்: நாள், மணி, காற்று எங்கிருந்து வீசியது, எந்தப் புகைபோக்கி புகைந்தது, தெருவில் என்ன நாற்றம் இருந்தது. படத்தை மாட்டும்போது இரண்டு பக்கமும் தெரியும்படி மாட்டுங்கள்.