எதிரே நில்லாத எதிரிகள்

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்ற ஆட்டக்காரருக்கு இருக்கும் ஸ்தானம், கூட்டாக ஆடும் வேறு விளையாட்டுகளில் ஒரு தனி ஆளுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் பந்து வந்து சேர்வது அவர் கைக்குத்தான். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடச் சொல்வது, எதிரணி நிற்கும் தினுசைப் பார்த்துக் கடைசி விநாடியில் திட்டத்தையே மாற்றுவதா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் வெற்றியையும் தோல்வியையும் அந்த நாட்டார் அவர் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள். இந்த ஆள் இத்தனை வென்றார், இத்தனை தோற்றார் என்று, ஏதோ அவர் மட்டுமே ஆடியது போல.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தாக்குகிற பதினொருவர் வேறு, தடுக்கிற பதினொருவர் வேறு. ஓர் அணியின் குவாட்டர்பேக் களத்தில் இருக்கும்போது அடுத்த அணியின் குவாட்டர்பேக் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டாம் பிரேடியும் பேட்டன் மானிங்கும் 2001க்கும் 2016க்கும் இடையில் 17 முறை ‘மோதினார்கள்’. பிரேடியின் அணி 11 முறையும் மானிங்கின் அணி 6 முறையும் வென்றன. இந்த 17 ஆட்டங்களிலும் ஒரு கணம்கூட ஒருவர் எதிரே மற்றவர் நின்று ஆடவில்லை. மல்யுத்தத்திலோ டென்னிஸிலோ யார் மேல் என்ற கேள்விக்குக் குறைந்தபட்சம் இரண்டு உடல்கள் ஒன்றையொன்று சந்தித்த ஓர் இடம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது. இவர்களுடைய போட்டி நடந்த இடம் ரசிகர்களின் பேச்சு ஒன்றுதான்.

அந்தப் பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இண்டியானாபோலிஸில் வேலை பார்த்த ஆண்டுகளில் மதியச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இரு பக்கமும் இரண்டு கணக்கர்கள். ஒருவர் உள்ளூர்க்காரர். மானிங் 1998இல் ஆட்டக்காரர் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டு அந்த ஊரின் கோல்ட்ஸ் அணிக்கு வந்ததைத் தன் வீட்டுக் கல்யாணம் போல ஞாபகம் வைத்திருந்தார். மற்றவர் பாஸ்டன் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக அங்கே வந்து சேர்ந்தவர். பிரேடி 2000ஆம் வருஷத் தேர்வில் 199ஆவது ஆளாக, யாரும் பெரிதாக வேண்டாதவராக, பேட்ரியட்ஸ் அணிக்குப் போனவர் என்பதை அவர் கிட்டத்தட்ட ஒரு நீதிக்கதையாகவே சொல்வார். ஆபீஸ் பேரேட்டில் ஒரு டாலர் இடம் மாறினால் தூக்கம் வராத மனிதர்கள் இருவரும். சாப்பாட்டு மேஜையில் மட்டும், ஊரார் உழைப்பையெல்லாம் ஒரே ஆளின் வரவில் எழுதுவது பற்றி அவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஒரு நிபந்தனை: அந்த ஆள் தங்கள் ஆளாக இருக்க வேண்டும். எதிராளியின் பக்கத்தைத் தணிக்கை செய்யும்போது உடனே கறார்.

பாஸ்டன்காரர், நான்கு வருஷத்தில் மூன்று சாம்பியன் பட்டம் என்பார். உள்ளூர்க்காரர், அதில் இரண்டு பந்தை உதைக்கிற ஆடம் வினாட்டியரியின் காலுக்குச் சேர வேண்டியது என்பார். 2002 பிப்ரவரியில் 48 கெஜம், 2004 பிப்ரவரியில் 41 கெஜம். இரண்டு உதைகளும் கடைசி விநாடிகளில். நியாயம்தான். ஆனால் அதே வினாட்டியரி 2006இல் கோல்ட்ஸுக்கு மாறினார். 2007 ஜனவரியில் பால்டிமோரில் கோல்ட்ஸ் 15-6 என்று ஜெயித்தபோது அந்த 15 புள்ளிகளும் அவருடைய 5 உதைகளில் வந்தவை. அந்தத் தொடரின் முடிவில் மானிங் தம் முதல் பட்டத்தைப் பெற்றார். இப்போது பாஸ்டன்காரர் அதே காலை எதிர்த்தரப்பின் சாட்சியாக அழைத்தார். 2004 ஜனவரியில் பேட்ரியட்ஸின் தடுப்பாட்டக்காரர்கள் மானிங்கின் பந்தைப் பிடிக்க ஓடியவர்களை மடக்கி மடக்கி நிறுத்தி 24-14 என்று வென்றார்கள். அதன்பின் அப்படி மடக்குவதைத் தடுக்கும் விதியைக் கண்டிப்பாக அமலாக்கச் சொல்லி நடுவர்களுக்கு உத்தரவாயிற்று. அந்த வருஷம் மானிங் 49 டச்டௌன்கள் எறிந்தார். இதில் விதிக்கு எத்தனை, மானிங்குக்கு எத்தனை? கணக்கர்கள் இருவரும் பிரித்துத் தரத் தயாராக இருந்தார்கள். எண்கள்தாம் வேறு வேறு.

கேட்டுக்கொண்டே இருந்ததில், சண்டைக்கு அடியில் இரண்டு அறக்கோட்பாடுகள் இருப்பதாக எனக்குப் பட்டது. ஒன்று, ஜெயித்தவன் மேலானவன், மோதிரத்தை எண்ணு. (அங்கே சாம்பியன் அணியினருக்கு மோதிரம் தருவது வழக்கம். பிரேடி முடிவில் ஏழு வைத்திருந்தார், மானிங் இரண்டு.) மற்றது, ஜெயிப்பது பல கை சேர்ந்து நடக்கிற காரியம், அதிலிருந்து மற்றவர்களையும் தற்செயலையும் கழித்துவிட்டு அந்த மனிதனுடையதை மட்டும் பார். மானிங்குக்கு ஐந்து முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது, பிரேடிக்கு மூன்று முறை. உள்ளூர்க்காரர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

முதல் கோட்பாடு எனக்கு அருவருப்பானது. விளைவையே நீதிபதியாக்குவது, நடந்துவிட்டதால் அது நியாயம் என்று சொல்வதற்கு அடுத்த வீடு. 2015 பிப்ரவரியில் சியாட்டில் அணி ஒரு கெஜத் தூரத்தில் நின்றது. மால்கம் பட்லர் என்ற புது ஆட்டக்காரர் பாய்ந்து பந்தைப் பறிக்காமல் இருந்தால் பேட்ரியட்ஸ் தோற்றிருக்கும். அந்த விநாடியில் பிரேடி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்லரின் கை பிரேடியின் தகுதியை எப்படிக் கூட்டும்? 2006 ஜனவரியில் கோல்ட்ஸின் மைக் வாண்டர்ஜாட் 46 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெகு தூரம் விலகிப் போயிற்று. 21-18 என்று தோல்வி. அந்த உதை மானிங்கின் தகுதியை எப்படிக் குறைக்கும்?

ஆனால் இரண்டாவது கோட்பாட்டையும் கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். பயிற்சியாளரைக் கழி. முன்னால் நின்று அடி வாங்கிக் காப்பாற்றும் ஐந்து தடித்த மனிதர்களைக் கழி. (இரண்டு கணக்கர்களும் இந்த ஐவரில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.) பந்தைப் பிடித்தவர்களை, பாக்ஸ்பரோவின் பனியை, கோல்ட்ஸின் கூரை வேய்ந்த அரங்கை, விதிகளைக் கழி. மிச்சம் நிற்பது யார்? வெட்டவெளியில் யாருக்கும் எறியாத பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர். அவர் பிரேடியும் இல்லை, மானிங்கும் இல்லை. சுத்தப்படுத்தப்பட்ட திறமை என்ற ஒன்றைத் தேடிப் போனால் ஆளே தொலைந்துபோகிறான்.

தற்செயல் இரண்டு பரிசோதனைகளை நடத்திக் காட்டியது என்பதும் உண்மை. 2008இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போயிற்று. முந்தைய வருஷம் 16 ஆட்டங்களையும் வென்றிருந்த அணி, அவர் இல்லாமல் 11 வென்று 5 தோற்றது. 2011இல் கழுத்து அறுவை சிகிச்சையால் மானிங் ஆடவே இல்லை. கோல்ட்ஸ் 2 வென்று 14 தோற்றது. உள்ளூர்க்காரருக்கு இது நிரூபணம். எனக்கு இது நிரூபிப்பதெல்லாம், ஒருவர் இல்லாவிட்டால் ஓர் அணி எப்படி இருக்கும்படி அவரைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான். தூணை எடுத்தால் விழுகிற கூரையைப் பார்த்துத் தூணைப் புகழலாம். கட்டினவனைத் திட்டவும் செய்யலாம்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே கருத்தரங்கில் இந்தச் சங்கடத்தை எழுப்பினார்கள். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது கோகனை, அல்லது அவரைப் போல் கற்பனை செய்துகொண்ட ஓர் ஓவியரை. குடும்பத்தை விட்டுவிட்டுத் தாஹிதிக்குப் போன அவருடைய காரியத்துக்கு நியாயம் ஏதும் உண்டென்றால் அது படங்கள் தேறினால்தான். படங்கள் தேறுமா என்பது கிளம்பும்போது அவருக்கே தெரியாது. நம் கைக்கு அப்பால் உள்ளவற்றை வைத்து நம்மை எடைபோடக் கூடாது என்கிறோம். ஆனால் எடைபோடாமல் இருக்க நமக்குத் தெரியவில்லை. நேகல் இதைத் தீர்க்க முயலவில்லை. தீர்க்காததுதான் அவருடைய நேர்மை என்று தோன்றுகிறது.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. இரண்டு கவிகளில் யார் மேல் என்று நாமும்தான் இரவெல்லாம் பேசுகிறோம். ஒருவருக்கு வாய்த்த பத்திரிகையை, நண்பர்களை, ஆயுளை எதிராளியின் பக்கத்தில் மட்டும் கழித்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில், ஆளைப் பற்றிய பேச்சு ஒரு குறிப்பிட்ட கவிதைக்கு வந்து சேரும்போதுதான் அதில் உயிர் வருகிறது.

கால்பந்திலும் அப்படி ஒரு கவிதை உண்டு. 2009 நவம்பர் 15, இண்டியானாபோலிஸ். பேட்ரியட்ஸ் 34-28 என்று முன்னணி, இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. பந்து அவர்களுடைய பக்கத்திலேயே 28 கெஜக் கோட்டில். நான்காவது வாய்ப்பு, தேவை 2 கெஜம். இந்த நிலையில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவது எல்லோரும் செய்வது. பயிற்சியாளர் பில் பெலிச்சிக் உதைக்க விடவில்லை. 2 கெஜம் கிடைத்தால் அநேகமாக ஆட்டம் முடிந்தது. மானிங் களத்துக்கே வர வேண்டியதில்லை. பிரேடி எறிந்தார். கெவின் பால்க் பிடித்தார், ஆனால் கோட்டுக்குச் சற்று முன்பே விழுந்துவிட்டார். பந்து மானிங்குக்குப் போயிற்று. சில விநாடிகள் மிச்சமிருக்க அவர் டச்டௌன் எறிந்தார். 35-34.

மறுநாள் பழைய ஆட்டக்காரர்கள் பெலிச்சிக்கை ஆணவக்காரர் என்றார்கள். நிகழ்தகவுக் கணக்குப் போட்டவர்கள் பலர் முடிவு சரி, விளைவுதான் தவறு என்றார்கள். எனக்கு இரண்டும் முக்கியமாகப் படவில்லை. அந்த ஒரு முடிவில் இரண்டு ஆட்டக்காரர்களைப் பற்றியும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பிரேடியின் கையில் பந்து இருப்பது பத்திரம். மானிங்கின் கைக்கு அது போவது, மைதானத்தின் எந்த மூலையில் போனாலும், ஆபத்து. இருவரையும் நன்றாகத் தெரிந்த ஒருவர், சொந்த இழப்புக்குத் துணிந்து சொன்ன தீர்ப்பு. பால்க் அரை அடி தள்ளி விழுந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு மாறியிருக்காது. மோதிரத்திலும் புள்ளிவிவரத்திலும் இல்லாத மதிப்பீடு இங்கே ஒரு செயலில் இருக்கிறது. மேஜையில் இதைச் சொன்னபோது இருவருமே திருப்தியடையவில்லை. இது யாரையும் ஜெயிக்க வைக்கவில்லை அல்லவா?

2015இல் மானிங் டென்வரில் இருந்தார். 39 வயது. அந்த வருஷம் 9 டச்டௌன்கள் எறிந்து, 17 பந்துகளை எதிரணிக்குப் பறிகொடுத்தார். நடுவில் பெஞ்சுக்கும் அனுப்பப்பட்டார். ஆனால் தடுப்பாட்டம் அபாரமாக இருந்தது. 2016 ஜனவரியில் பிரேடியின் அணியை 20-18 என்று வென்றார்கள். அது 17ஆவதும் கடைசியுமான சந்திப்பு. அதில் பேட்ரியட்ஸின் ஸ்டீபன் காஸ்ட்கௌஸ்கி முதல் கால்பகுதியிலேயே ஒற்றைப் புள்ளி உதை ஒன்றைத் தவறவிட்டார். 2006க்குப் பிறகு அவர் தவறவிட்ட முதல் ஒற்றைப் புள்ளி. அந்த உதையை 33 கெஜத் தூரத்துக்குத் தள்ளி வைத்த விதி அந்தப் பருவத்தில்தான் வந்திருந்தது. அந்தப் புள்ளிக்காகத்தான் பிரேடி 12 விநாடி மிச்சமிருக்கையில் இரண்டு புள்ளி முயற்சிக்குப் போக வேண்டிவந்தது. அவர் எறிந்தது தட்டுப்பட்டுப் போயிற்று. பிப்ரவரியில் டென்வர் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் மானிங் எறிந்தது மொத்தம் 141 கெஜம்.

அந்த வாரம் மேஜையில் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. பத்து வருஷத்துக்கு மேலாக மோதிரம் தகுதிக்குச் சாட்சி ஆகாது என்று வாதாடி வந்த உள்ளூர்க்காரர், இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார். பத்து வருஷமாக ஜெயித்தவன் ஜெயித்தவன்தான் என்று சொல்லி வந்த பாஸ்டன்காரர், அது தடுப்பாட்டக்காரர்களின் வெற்றி, மானிங் வெறுமே கூட இருந்தார், குவாட்டர்பேக்கின் தனி ஆட்டத்தை அல்லவா பார்க்க வேண்டும் என்றார். ஒருவர் வாக்கியம் மற்றவர் வாய்க்கு, வார்த்தை பிசகாமல், மாறிவிட்டது. இருவருக்கும் அது தெரியவில்லை. சிரிக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. உள்ளூர்க்காரரின் பழைய வாதத்தை நான் ஓர் அறநிலைப்பாடாக, தோற்றவர் சார்பில் விளைவை எதிர்த்து நிற்கும் ஒரு பிடிவாதமாக மதித்திருந்தேன். அது ஒரு வெற்றி வரும்வரைக்கான ஏற்பாடாக இருந்திருக்கிறது. மானிங் தன் உச்சத்தில் தோற்றபோது அவர் பக்கம் நின்றவர், மானிங்கின் கை தளர்ந்துபோன பருவத்தின் வெற்றியை உச்சமாக ஏற்றுக்கொண்டார்.

பிறகு பிரேடி 2020இல் பெலிச்சிக்கை விட்டு டாம்பா பே அணிக்குப் போய், 2021 பிப்ரவரியில் அங்கேயும் பட்டம் வென்றார். அவருக்கு 43 வயது. விவாதம் முடிந்தது என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். பாஸ்டன்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அப்போது அந்த ஊரில் இல்லை. இப்போதாவது ஒப்புக்கொள், யார் மேல் என்று கேட்டார். எந்த ஆட்டத்தில், எந்த எறிதலில் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நீ ரசிகன் இல்லை, அதனால்தான் இப்படிக் கேட்கிறாய் என்றார். உள்ளூர்க்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். காலையில்தான் அவருடன் பேசினாராம். எதிரணியில் முன்வரிசை ஆட்கள் பலர் காயத்தால் ஆடவில்லை, அதனால் இந்த ஏழாவது மோதிரம் கணக்கில் சேராது என்று சொன்னாராம்.